உள்ளங்கால் புள்ளியும் இடுப்புப் படையும்: நுண்ணோக்கிப் படத்தை அனுப்பித் தோல் நோயைக் கண்டறியச் சொல்லலாமா?

கேட்டவர்: சிப்புட் மகள்

வணக்கம். நாங்கள் சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். என் தாயார் இளவயதிலிருந்து பால்மரம் வெட்டியவர். ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகு, அதே தோட்டத்தில் உரம் போடும் வேலையும் மருந்தடிக்கும் வேலையும் பார்த்து ஓய்வு பெற்றார். இப்போது எழுபது வயதைத் தாண்டிவிட்டார். இனிப்பு நீரும் (நீரிழிவு) உண்டு.

அவருக்குத் தோலில் இரண்டு தொல்லைகள். முதலாவது, சேலை கட்டும் இடுப்பைச் சுற்றி வளையமாகப் பரவும் அரிப்பு. மருந்துக் கடையில் வாங்கிய களிம்பைத் தடவினால் சில நாள் அடங்குகிறது, நிறுத்தினால் முன்பைவிட அகலமாகத் திரும்பி வருகிறது. இரண்டாவது, இடது குதிகாலின் உட்பக்கத்தில் ஒரு கரும்பழுப்புப் புள்ளி. பனைமுள் குத்திய பழைய தழும்பு என்று அம்மா சொல்கிறார். எப்போதிலிருந்து இருக்கிறது என்று கேட்டால் உறுதியான பதில் இல்லை. அரிப்போ வலியோ இல்லாததால் அதைப் பற்றி அவர் கவலைப்படவும் இல்லை.

தோல் நிபுணரைப் பார்க்க எங்களுக்குக் கிடைத்திருக்கும் தேதி வெகு தள்ளி இருக்கிறது. இதற்கிடையில், பள்ளி அறிவியல் போட்டிக்காக என் அக்காள் மகன் இணையத்தில் வாங்கிய மின்னியல் நுண்ணோக்கி ஒன்று வீட்டில் இருக்கிறது. கணினியில் செருகினால் திரையில் படம் வரும். முனையைச் சுற்றி எட்டுச் சிறு விளக்குகள் உள்ளன. பெட்டியின் மேல் 1000 மடங்கு என்று அச்சிட்டிருக்கிறார்கள். அதில் இரண்டு இடங்களையும் படம் எடுத்து, கட்டணம் வாங்கிக்கொண்டு படத்தைப் பார்த்துக் கருத்துச் சொல்லும் கோலாலம்பூர் நிபுணர் ஒருவருக்கு அனுப்பலாமா என்று வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறோம். அப்படிப் படத்தை மட்டும் பார்த்துச் சொல்லும் முடிவை எந்த அளவுக்கு நம்பலாம்? எத்தனை மடங்கு பெரிதாக்க வேண்டும்? பையன் குதிகால் படத்தைக் கைப்பேசிச் செயலி ஒன்றில் ஏற்றிப் பார்த்து, ஆபத்தில்லை என்று வந்துவிட்டதாகச் சொல்கிறான். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை.

பதில்: பேராக் மருத்துவ அலுவலர்

அம்மா, உங்கள் இரண்டு கேள்விகளையும் முதலில் பிரித்துவிடுகிறேன், ஏனென்றால் இரண்டுக்கும் ஒரே விடை இல்லை. இடுப்புப் படையைத் தொலைவிலிருந்து பார்த்து ஓரளவு முடிவு செய்யலாம். குதிகால் புள்ளியை அப்படி முடிவு செய்யக் கூடாது. படம் அங்கே வேறொரு வேலைக்குத்தான் பயன்படும். நீங்கள் எது அவசரம் என்று நினைக்கிறீர்களோ தெரியவில்லை, அரிக்கும் படையைவிட அரிக்காத புள்ளிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

உள்ளங்கால் தோலில் மேடும் பள்ளமுமாக இணைகோடுகள் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். வியர்வைத் துளைகள் மேட்டின் நடுவில்தான் திறக்கும். ஆகவே பெரிதாக்கிய படத்தில், வெண்புள்ளிகள் வரிசையாக நிற்கும் அகன்ற கோடு மேடு என்றும், புள்ளியில்லாத ஒடுங்கிய கோடு பள்ளம் என்றும் அறிந்துகொள்ளலாம். சாதாரண மச்சத்தின் நிறம் பெரும்பாலும் பள்ளத்தை ஒட்டியே படியும். மெலனோமா என்னும் நிறமிப் புற்றுநோய் உள்ளங்காலில் தொடங்கும்போது, நிறம் மேட்டின்மேல் பட்டை பட்டையாக ஏறும். ஜப்பானில் சாய்டா என்ற தோல் மருத்துவரின் குழு 2004-இல் வெளியிட்ட ஆய்வில், மேட்டில் நிறம் ஏறிய இந்த அமைப்பு உள்ளங்கை, உள்ளங்கால் மெலனோமாக்களில் ஏறத்தாழ 86 விழுக்காட்டில் காணப்பட்டது; மெலனோமா அல்லாத மச்சங்களில் ஏறத்தாழ 99 விழுக்காட்டில் அது காணப்படவில்லை. அதாவது, அந்த அமைப்பு தெரிந்தால் சந்தேகம் வலுக்கும். தெரியவில்லை என்பதற்காகப் புள்ளியை விட்டுவிடவும் முடியாது.

வெயில் படும் வெள்ளைத் தோலில்தான் மெலனோமா வரும் என்று நம்மிடையே ஒரு பொதுவான எண்ணம் இருக்கிறது. நம்மைப் போன்ற கருந்தோலினருக்கு இந்நோய் மிக அரிது என்பது உண்மைதான், ஆனால் வரும்போது அது பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி போன்ற வெயில் படாத இடங்களைத்தான் தேர்ந்தெடுக்கிறது. 1981-இல் இறந்த பாடகர் பாப் மார்லிக்குக் கால்விரல் நகத்தடியில் வந்ததும் இவ்வகைதான்.

உடனே அஞ்ச வேண்டாம். கருந்தோல் உள்ள பெரியவர்களின் உள்ளங்காலில் இயல்பாகவே பழுப்புத் திட்டுகள் பல இருப்பதுண்டு. மற்றக் காலையும் பார்த்தால் அங்கேயும் தென்படும். அழுத்தத்தாலோ உராய்வாலோ தோலுக்கடியில் கசிந்து உறைந்த இரத்தமும் மேட்டின்மேல் கருஞ்சிவப்புக் கூழாங்கற்களாகத் தெரிந்து, பார்ப்பவரை ஏமாற்றும். பனைமுள்ளின் ஒரு துண்டு உள்ளே தங்கியிருந்தாலும் கரும்புள்ளியாகத் தெரியும். உங்கள் தாயார் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் அளவு ஒன்று மனத்தில் இருக்கட்டும்: பிறவியில் இல்லாமல் பிற்காலத்தில் தோன்றி, குறுக்களவு 7 மில்லிமீட்டரைத் தாண்டி, பாதிப்பில்லாத மச்சத்தின் தெளிவான அமைப்பு எதையும் காட்டாத உள்ளங்கால் புள்ளியிலிருந்து சிறு துண்டு எடுத்துத் திசுச் சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்பதே அதே ஜப்பானியக் குழு வகுத்த முறை. அந்தத் துண்டைக் கோலாலம்பூரிலிருந்து எவரும் எடுக்க முடியாது.

ஆகவே என் ஆலோசனை இது. படத்தை நிபுணரின் இடத்தில் வைக்காதீர்கள். தேதியை முன்னுக்கு இழுக்கப் பயன்படுத்துங்கள். அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்கின் மருத்துவரிடம் அம்மாவை அழைத்துச் சென்று காலைக் காட்டுங்கள். அவர் புள்ளியை அளந்து, நல்ல படங்களுடன் பரிந்துரைக் கடிதத்தைப் புதுப்பித்து அனுப்பினால், 'அரிப்பு, படை' என்று மட்டும் எழுதிய கடிதத்திற்குக் கிடைக்கும் வரிசை வேறு, 'உள்ளங்காலில் புதிய நிறமிப் புள்ளி' என்று அளவோடு எழுதிய கடிதத்திற்குக் கிடைக்கும் வரிசை வேறு. படத்தைத் தொலைவில் பார்க்கும் மருத்துவத்தின் மிகப் பெரிய பயன், யார் காத்திருக்கலாம், யார் காத்திருக்கக் கூடாது என்று பிரிப்பதுதான் என்பது என் கருத்து.

கட்டண நிபுணரிடம் அனுப்புவதில் எனக்கு மறுப்பில்லை. அவர் பெயர் மலேசிய மருத்துவ மன்றத்தின் பதிவிலும் தேசிய நிபுணர் பதிவேட்டிலும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டையும் இணையத்திலேயே தேடலாம். நல்ல நிபுணராக இருந்தால் குதிகால் படத்தைப் பார்த்தவுடன், நேரில் காட்டுங்கள் என்றுதான் சொல்வார். படத்தை மட்டும் பார்த்து, ஒன்றுமில்லை, களிம்பு தடவுங்கள் என்று எழுதினால் அந்தப் பதிலை நான் நம்ப மாட்டேன்.

பதில்: ஆய்வுக்கூடத்தான்

மருத்துவர் நோயைப் பற்றிச் சொல்லிவிட்டார். நான் மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கியோடு காலம் தள்ளுகிறவன் என்பதால், கருவியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் 1000 மடங்கை மறந்துவிடுங்கள். சிறிய உணரியில் விழும் பிம்பத்தைப் பெரிய திரையில் விரித்துக் காட்டி, அந்தப் பெருக்கத்தையும் கணக்கில் சேர்த்துச் சொல்லும் எண் அது. படம் பெரிதாகுமே தவிர, புதிதாக எதுவும் தெரியாது. தோல் நிபுணர்கள் கையில் வைத்திருக்கும் டெர்மோஸ்கோப் பெரும்பாலும் 10 மடங்குதான் பெரிதாக்கும். அவர்களுடைய கண்ணும் அந்த அளவில் பார்த்துத்தான் பழகியிருக்கிறது. நீங்கள் 200 மடங்கில் ஒரு படத்தை அனுப்பினால், புள்ளியின் விளிம்பு எங்கே, அது எந்த வடிவில் பரவியிருக்கிறது என்பதே தெரியாமல் போய், பழுப்பு நிறத்தில் ஒரு பரப்பு மட்டும் மிஞ்சும். குறைந்த பெருக்கத்தில், முழுப் புள்ளியும் சுற்றியுள்ள நல்ல தோலும் ஒரே சட்டத்திற்குள் வரும்படி ஒரு படம், பிறகு சற்று நெருங்கி இன்னொரு படம் போதும்.

அடுத்தது விளக்கு. தோலின் மேலடுக்கு ஒளியைக் கண்ணாடிபோல் திருப்பி அனுப்புவதால், எட்டு விளக்கும் எட்டு வெள்ளைப் பொட்டுகளாகப் படத்தின் நடுவில் உட்கார்ந்துகொள்ளும். நிறமி அமைப்பு அதற்கடியில் மறைந்துவிடும். போலரைசர் வடிகட்டி உள்ள நுண்ணோக்கியில் ஒரு திருகைத் திருப்பினால் இந்தப் பளபளப்பு அடங்கும். உங்களுடையதில் அது இல்லையென்றால், புள்ளியின்மேல் ஸ்கேன் எடுக்கும்போது தடவும் ஜெல்லையோ குழந்தை எண்ணெயையோ ஒரு துளி விட்டு, சுத்தமான கண்ணாடித் தகட்டை மெதுவாகப் பதித்து, அதன்மேல் முனையை வைத்துப் படம் எடுங்கள். தோலுக்கும் கண்ணாடிக்கும் இடையில் காற்று இல்லாமல் போவதால், ஒளி திரும்பாமல் உள்ளே இறங்கும். ஜெல்லில் காற்றுக் குமிழி இருந்தால் துடைத்துவிட்டு மீண்டும் விடுங்கள். குமிழி கறுப்பு வளையமாக விழுந்து, நோயென்று தோன்றவைக்கும். அழுத்தவும் கூடாது. அழுத்தினால் இரத்த நாளங்கள் வெளுத்து, படத்தில் காணாமல் போகும். எடுத்த பிறகு முனையையும் கண்ணாடியையும் ஆல்கஹாலால் துடைத்துவிடுங்கள். இடுப்பில் இருப்பது பூஞ்சையாக இருந்தால், அதைக் குதிகாலுக்கு நீங்களே கொண்டுபோக வேண்டாம்.

நுண்ணோக்கிப் படத்தை மட்டும் தனியாக அனுப்புவது பயனற்றது. கைப்பேசியில், முழுப் பாதமும் தெரியும்படி ஒரு படமும், அளவுகோலைப் பக்கத்தில் வைத்து ஓர் அடி தூரத்தில் இன்னொரு படமும் எடுத்துச் சேருங்கள். அளவுகோல் இல்லாவிட்டால் புதிய 20 சென் நாணயத்தை வைக்கலாம். அதன் குறுக்களவு 20.6 மில்லிமீட்டர். பகலில் சன்னல் ஓரத்தில் எடுப்பது நல்லது. இரவு விளக்கில் எடுத்தால் தோல் முழுவதும் மஞ்சளாகி, சிவப்பும் பழுப்பும் ஒன்றோடொன்று கலந்துவிடும். கருந்தோலில் அழற்சியின் சிவப்பு ஏற்கெனவே ஊதாவாகவோ சாம்பல் கலந்த பழுப்பாகவோதான் தெரியும். அதோடு நிறப்பிழையும் சேர்ந்தால் பார்ப்பவர் என்ன செய்வார்? சட்டத்தின் மூலையில் ஒரு வெள்ளைத் தாளை வைத்தால் நிறத்தைச் சரிபார்க்க அவருக்கு ஓர் ஆதாரம் இருக்கும். கைப்பேசியில் முகத்தை அழகாக்கும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். தோலை வழவழப்பாக்கிக் காட்டுவதுதான் அதன் வேலை.

புலனத்தில் (வாட்ஸ்அப்) சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு, நுண்ணிய கோடுகள் அழிந்துவிடும். கோப்பு இணைப்பாக அனுப்புங்கள். குடும்பக் குழுவில் போடவே போடாதீர்கள். இப்படி ஒருவர் போட்ட படம் எங்கெங்கோ சுற்றி, என்ன நோய் என்று தெரியாதவர்களெல்லாம் மருந்து சொல்லி முடித்ததைப் பார்த்திருக்கிறேன்.

செயலியைப் பற்றியும் ஒரு சொல். 2017-இல் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகக் குழு 129,450 படங்களைக் கொண்டு பயிற்றுவித்த மென்பொருள், சில சோதனைகளில் தோல் மருத்துவர்களுக்கு நிகராக இருந்தது என்று நேச்சர் இதழில் வெளிவந்தது. அதன்பிறகு இத்தகைய செயலிகள் பெருகின. ஆனால் இந்தத் துறையில் பயிற்சிக்குச் சேர்ந்த படங்களில் வெளிர்தோல் படங்களே மிகுதி. 2022-இல் பல நிறத் தோல்களையும் சேர்த்துச் சோதித்தபோது, இவ்வகை மென்பொருள்களின் திறன் கருந்தோலில் குறைந்தது என்று அறிவித்தார்கள். அதுவும் மருத்துவமனைப் படங்களில். வீட்டு நுண்ணோக்கியில், வேறு பெருக்கத்தில், பளபளப்போடு எடுத்த குதிகால் படத்துக்கு அந்தச் செயலி சொன்ன பதிலைத் தம்பி அறிவியல் போட்டிக்கு வைத்துக்கொள்ளட்டும்.

பதில்: ஓய்வுபெற்ற டிரெசர்

தோட்டத்து டிஸ்பென்சரியில் எச்.ஏ.வாக, அதாவது மருத்துவ உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தோட்ட மக்கள் கடைசிவரை என்னை டிரெசர் என்றுதான் கூப்பிட்டார்கள். நுண்ணோக்கி எங்களிடம் இல்லை. படைக்கு விட்ஃபீல்டு களிம்பும், சொறிக்குப் பென்சைல் பென்சோயேட்டும், இரண்டு கண்ணும் பத்து விரலும்தான் இருந்தன. இக்காலக் கருவிகளை நான் குறை சொல்லவில்லை. ஆனால் மேலே எழுதிய இருவரும் தொடுவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன்.

வளையமாக வருவதெல்லாம் படர்தாமரை அல்ல, தங்கச்சி. தொழுநோயும் சில சமயம் வளையமாகவே வரும். அரிக்காது, களிம்புக்கு அடங்காது, அந்த இடத்தில் உணர்ச்சி மங்கியிருக்கும். உங்கள் அம்மாவுக்கு அரிப்பு இருக்கிறது என்பதால் பெரும்பாலும் அதுவாக இருக்காது. இருந்தாலும் அம்மாவைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சின் நுனியைத் திரித்துப் படையின் மேலும் பக்கத்து நல்ல தோலின் மேலும் மாறி மாறி ஒற்றி, தொட்ட இடத்தை விரலால் காட்டச் சொல்லுங்கள். இதை எந்த நுண்ணோக்கியும் எடுத்துக் காட்டாது. சுங்கை பூலோவில் 1930-இல் தொழுநோயாளர் குடியிருப்புத் திறக்கப்பட்ட காலம்போல் இப்போது யாரையும் பிரித்து அனுப்புவதில்லை, கூட்டு மருந்தில் அந்த நோய் குணமாகிவிடுகிறது. ஆனால் மறந்துபோன நோய் என்பதாலேயே கண்டுபிடிக்கத் தாமதமாகிறது.

குதிகாலுக்கும் இதே சோதனையைச் செய்யுங்கள். இனிப்பு நீர் உள்ளவர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கும். வலிக்கவில்லை என்று அம்மா சொல்வதை ஆறுதலாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வீட்டில் வேறு யாருக்காவது, குறிப்பாக இரவில், அரிப்பு இருக்கிறதா? விரலிடுக்கில் சிறு கோடுகள் தெரிந்தால் அது சொறிப்பூச்சி. அதற்குத்தான் தம்பியின் நுண்ணோக்கி நன்றாகப் பயன்படும்: அரை மில்லிமீட்டருக்கும் சிறிய பெண்பூச்சி, தான் குடைந்த பாதையின் முனையில் கரும்பழுப்பு முக்கோணமாகத் தெரியும். அப்படித் தெரிந்தால், வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் மருந்து தடவ வேண்டும்.

படத்தோடு அனுப்பும் குறிப்பில், அம்மா என்ன வேலை செய்தார், எந்த மருந்தடித்தார், எத்தகைய காலணி போட்டார் என்று எழுதுங்கள். பனைமுள் குத்திய இடத்தில் பல ஆண்டு கழித்து மெதுவாக வளரும் பூஞ்சை நோய்களும் உண்டு. தோட்டத்தைப் பார்த்திராத மருத்துவருக்கு அதை நீங்கள் சொன்னால்தான் தெரியும்.

மறுமொழி: சிப்புட் மகள்

மூவருக்கும் மிக்க நன்றி. டிரெசர் ஐயா சொன்ன பஞ்சுச் சோதனையைச் செய்தோம். இடுப்பில் தொட்ட ஒவ்வோர் இடத்தையும் அம்மா சரியாகக் காட்டினார், குதிகாலில் இரண்டொரு முறை தடுமாறினார். விரலிடுக்கில் ஒன்றும் இல்லை. ஜெல் தடவி எடுத்த படம் உண்மையாகவே வேறாக இருக்கிறது. கோடுகள் தெளிவாகத் தெரிகின்றன. ஆனால் நிறம் மேட்டில் இருக்கிறதா, பள்ளத்தில் இருக்கிறதா என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஒரு பக்கம் ஒரு மாதிரியும் மறுபக்கம் வேறு மாதிரியும் தெரிகிறது. அளவுகோலில் வைத்துப் பார்த்தால் நீளவாக்கில் 9 மில்லிமீட்டர் வருகிறது. இடது காலில் மட்டும்தான் இருக்கிறது.

இன்னொரு கேள்வி. கிளினிக்குக்குப் போவதற்கு முன் இடுப்புக்குத் தடவும் களிம்பை நிறுத்த வேண்டுமா? குழாயின் மேல் பீட்டாமெத்தசோன், குளோட்ரிமசோல் என்று இரண்டு பெயர்கள் இருக்கின்றன.

பதில்: பேராக் மருத்துவ அலுவலர்

9 மில்லிமீட்டர், ஒரு காலில் மட்டும், அமைப்பு இரு பக்கமும் ஒத்துவரவில்லை: இந்த மூன்றும் போதும், இதற்கு மேல் நீங்கள் வீட்டில் படத்தைப் பார்த்து ஆராய வேண்டாம். மேடா பள்ளமா என்பதைத் தெளிவாக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. புள்ளியின்மேல் மார்க்கர் மையைப் பூசித் துடைத்தால் மை பள்ளத்தில் மட்டும் தங்கும். நிறமி அதோடு சேர்ந்து ஓடுகிறதா, அதற்கு இடையில் ஓடுகிறதா என்று பார்க்கலாம். ஆனால் அதைக் கிளினிக்கில் மருத்துவர் செய்யட்டும். மை ஒட்டிய காலோடு போனால் அவருக்குச் சிரமம். நாளையோ மறுநாளோ காலையிலேயே போய்விடுங்கள். படங்களைக் கைப்பேசியில் கோப்பாகவே வைத்துக்கொண்டு, புள்ளியின் அளவைக் கடிதத்தில் எழுதச் சொல்லிக் கேளுங்கள், கேட்பதில் தவறில்லை. காலில் உணர்ச்சி குறைந்திருப்பதையும் சொல்லுங்கள், இனிப்பு நீருக்கான பாதச் சோதனையை அப்போதே செய்துவிடலாம்.

களிம்பைப் பற்றி. நீங்கள் எழுதிய இரண்டில் முதலாவது ஸ்டீராய்டு, இரண்டாவது பூஞ்சைக்கொல்லி. ஸ்டீராய்டு அரிப்பையும் சிவப்பையும் அடக்கும், ஆனால் பூஞ்சையை எதிர்க்கும் உடலின் ஆற்றலையும் அந்த இடத்தில் அடக்கிவிடும். அதனால்தான் நிறுத்தியவுடன் அகலமாகத் திரும்புகிறது. நாளடைவில் வளையத்தின் விளிம்பும் செதிலும் மங்கி, படர்தாமரை என்றே அடையாளம் தெரியாத உருவத்துக்கு மாறிவிடும். படத்தைப் பார்த்துச் சொல்லும் நிபுணர் ஏமாறக்கூடிய இடம் இதுதான். ஆகவே குழாயின் பெயர்ப் பக்கத்தையும் படம் எடுத்துச் சேருங்கள்.

உறுதி செய்ய, விளிம்பிலிருந்து செதிலைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் விட்டு ஆய்வுக்கூட நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். பூஞ்சையின் இழை ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு அகலமே இருக்கும், அதனால் வீட்டுக் கருவியில் அது தெரியாது. பூஞ்சைக்கொல்லி தடவிக்கொண்டிருந்தால் சுரண்டலில் ஒன்றும் கிடைக்காமல் போகலாம்; அதனால் கிளினிக்குக்குப் போகும்வரை அந்தக் களிம்பைத் தடவ வேண்டாம். நிறுத்தியதும் அரிப்பு கூடினால், வேறு ஸ்டீராய்டு எதுவும் வாங்காமல், வெந்நீர்க் குளியலைத் தவிர்த்து, இடுப்பை உலர்வாக வைத்து, தளர்வான பருத்தித் துணி உடுத்தச் சொல்லுங்கள். சேலைக்குள் கட்டும் பாவாடை நாடா நாள்தோறும் வியர்வையில் ஊறும் இடம் அது. துவைத்த பாவாடையை வெயிலில் முழுக்கக் காயவைத்துக் கட்டட்டும்.